விமானப் பயணம் பாதுகாப்பானதுதான்; ஆனால் எந்த விமானம்?

2025 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் திகதி விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்ததில் படையினர் அறுவர் உயிரிழந்தனர். இரண்டே நாட்கள் கழித்து, 11 ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குச் சொந்தமான பஸ் கொத்மலை, கெரண்டிஎல்லப் பகுதியில் பள்ளத்தில் பாய்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. மற்றையது வீதியிலிருந்து விழுந்தது. ஒரே வாரத்தில் நாடு இரண்டுக்கும் துக்கம் அனுஷ்டித்தது.

இத்தகைய சந்தர்ப்பங்களில் எல்லாம் எமது மக்கள் மத்தியில் பழைய வாதமொன்று தலைதூக்குவதுண்டு. ஆகாயத்தில் ஏதும் நேர்ந்தால் தப்ப வழியில்லை, தரையிலாயின் உயிர் பிழைக்கவேனும் ஒரு வாய்ப்பு உண்டு என்பது ஒரு சாராரின் கருத்து. புள்ளிவிபரங்களை அறிந்தவர்களோ, விமானப் பயணமே சகல பயணங்களிலும் பாதுகாப்பானது என்றும், கட்டுநாயக்கவுக்குச் செல்லும் வீதியே அதன் பின்னர் வரும் பறப்பிலும் பார்க்க ஆபத்தானது என்றும் பதிலளிப்பர். இரண்டாவது கூற்று உண்மையே. ஆனால் அந்த உண்மை பெரிய பயணிகள் விமானங்களுக்கு மாத்திரமே உரியது. ஒரு விமானி, ஓர் இயந்திரம், நான்கு ஆசனங்கள் என்ற அளவில் பறக்கும் இலகு ரக விமானங்களுக்கு அதனை இரவலாகக் கொடுக்க முடியாது. கொடுத்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

முதலில் பெரிய விமானங்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2009 பெப்ரவரியில் பஃபலோ நகரருகே நிகழ்ந்த விபத்துக்கும், 2025 ஜனவரி 29 ஆம் திகதி வாஷிங்டனில் இராணுவ ஹெலிகொப்டருடன் மோதி 67 பேர் பலியான விபத்துக்கும் இடைப்பட்ட சுமார் பதினாறு ஆண்டுகளில், அந்நாட்டு விமானக் கம்பனிகளின் பயணிகள் சேவைகளில் விபத்தினால் இறந்தோர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது. அதே காலப்பகுதியில் அந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் நாற்பத்தையாயிரத்துக்கும் இடைப்பட்டோர் மாண்டனர். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் விமானத்துக்கு அஞ்சி அமெரிக்கர்கள் பலர் காரில் நெடுந்தூரம் பயணிக்கத் தலைப்பட்டதனால், அடுத்து வந்த ஓராண்டில் மேலதிகமாக ஏறத்தாழ 1500 பேர் வீதிகளில் உயிரிழந்திருக்கலாம் என ஜேர்மனிய உளவியலாளர் கேர்ட் கிகெரென்ஸர் மதிப்பிட்டார். அச்சம் தவறான திசையில் ஓடினால் அதற்கும் உயிர்களே விலையாகின்றன என்பதற்கு இதனை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இனிச் சிறிய விமானங்களுக்கு வருவோம். இலகு ரக விமானங்கள் பற்றிய நம்பகமான கணக்கு அமெரிக்காவிலேயே அதிகம் உண்டு. தனியார் விமானங்கள் அங்கு ஆண்டுதோறும் இருபது மில்லியனுக்கும் அதிகமான மணித்தியாலங்கள் பறக்கின்றன. தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிடும் தரவுகளின்படி, நீண்ட காலமாகவே ஒரு இலட்சம் பறப்பு மணித்தியாலங்களுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற வீதத்தில் உயிரிழப்பை ஏற்படுத்தும் விபத்துகள் இத்துறையில் நிகழ்ந்து வந்துள்ளன. அண்மைய ஆண்டுகளில் அது சற்றுக் குறைந்திருக்கின்றது. வீதியைப் பொறுத்தவரை, நூறு மில்லியன் மைல்களுக்கு, அதாவது 160 மில்லியன் கிலோ மீற்றருக்கு, ஒன்றேகால் மரணத்தை அண்மித்த வீதமே அங்கு பதிவாகின்றது. பாதசாரிகளும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் இதில் அடங்குவர்.

ஒன்று மணித்தியாலத்தில் அளக்கப்படுகின்றது. மற்றையது தூரத்தில் அளக்கப்படுகின்றது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து எவரும் எதையும் நிரூபித்துவிடலாம். அவற்றை ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பீடு பொருள்படும். சிறிய விமானம் மணிக்கு 240 கிலோ மீற்றர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், ஒரு இலட்சம் மணித்தியாலத்தில் அது கடக்கும் தூரம் 24 மில்லியன் கிலோ மீற்றர். அந்தத் தூரத்துக்கு ஓர் உயிர்கொல்லி விபத்து. வீதியிலோ சுமார் 130 மில்லியன் கிலோ மீற்றருக்கு ஒரு மரணம். எனவே கிலோ மீற்றருக்குக் கிலோ மீற்றர் பார்த்தால் சிறிய விமானம் காரிலும் பார்க்க ஐந்து மடங்குக்கு மேல் ஆபத்தானது. ஒரு விமான விபத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு மேற்பட்டோர் இறப்பதனால் உண்மையான இடைவெளி இதனிலும் அதிகம். நேரத்தை அலகாகக் கொண்டால் நிலைமை மேலும் மோசமாகின்றது. கார் சராசரியாக மணிக்கு 50 கிலோ மீற்றர் ஓடுவதாகக் கொண்டால், 26 இலட்சம் மணித்தியாலங்களுக்கு ஒரு மரணம் என வரும். ஒரு இலட்சத்துடன் இதனை ஒப்பிடும்போது இடைவெளி இருபது மடங்கைத் தாண்டிவிடுகின்றது.

இந்த எண்ணிக்கைகளைக் கண்டு சிறிய விமானத்தை மரணப்பொறி எனக் கருதத் தேவையில்லை. நாம் அன்றாடம் ஏற்றுக்கொண்டுள்ள ஓர் ஆபத்துடன் அதனை ஒப்பிட்டால் போதுமானது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிளில் செல்வோர், ஒரே தூரத்துக்கு, காரில் செல்வோரிலும் பார்க்க இருபது முதல் முப்பது மடங்கு அதிகமாக உயிரிழக்கின்றனர். அதாவது, மணித்தியாலக் கணக்கில் இலகு ரக விமானமும் மோட்டார் சைக்கிளும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கின்றன. சிறிய விமானத்தில் ஏற அஞ்சும் ஒருவர், மனைவியையும் இரு பிள்ளைகளையும் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்வதில் எவ்விதத் தயக்கமும் காட்டுவதில்லை. பழக்கம் அச்சத்தை மழுங்கடித்துவிடுகின்றது.

ஒரே வானத்தில் பறக்கும் இருவகை விமானங்களுக்கிடையில் இத்தனை பெரிய வேறுபாடு ஏன் என்பதே அடுத்து எழும் வினா. இயந்திரம் பழுதடைவதே காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். அது ஒரு பகுதியே. அமெரிக்காவில் சிறிய விமான விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விமானியின் முடிவுடனோ கையாளுகையுடனோ தொடர்புபட்டவை. எரிபொருள் தீர்ந்துபோய் விழுந்த விமானங்கள் உண்டு. தெரிந்தவர்களின் வீட்டுக்கு மேலாகத் தாழப் பறந்து காட்ட முற்பட்டு விழுந்தவை உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, கண்ணால் அடிவானத்தைப் பார்த்துப் பறக்க மாத்திரமே பயின்ற விமானி முகிலுக்குள் நுழைந்துவிடுவதாகும். 1954 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், அத்தகைய பயிற்சி நிலை விமானிகள் 20 பேர் பாதுகாப்பான ஏற்பாட்டுடன் வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிடப்பட்டனர். இருபது பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 செக்கன்கள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை.

1999 ஜூலை 16 ஆம் திகதி இரவு, ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜோன் எஃப். கென்னடி இளையவர் தாமே செலுத்திய பைப்பர் சரட்டோகா விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. அவருடன் மனைவியும் மனைவியின் சகோதரியும் மாண்டனர். அவர் கருவிகளை மாத்திரம் நம்பிப் பறக்கும் தகைமை பெற்றிருக்கவில்லை. இருளும் புகார் மூட்டமும் கடலையும் வானத்தையும் ஒன்றாக்கிவிட்ட நிலையில் அவர் திசையுணர்வை இழந்ததே காரணம் என விசாரணை முடிவு கூறியது. விமானத்தில் பழுது எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இதே இரவில் இதே பாதையில் ஒரு பயணிகள் விமானம் சென்றிருக்குமானால், அதில் இரு விமானிகள் இருந்திருப்பர். இருவரும் கருவிப் பறப்பில் ஆறு மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை பரீட்சிக்கப்பட்டிருப்பர். புறப்படுவதா இல்லையா என்பதைத் தரையில் இன்னொருவரும் சேர்ந்தே தீர்மானித்திருப்பார். களைப்பு, அவசரம், கௌரவம் ஆகிய மூன்றும் ஒரு தனி மனிதனின் தலைக்குள் தீர்ப்பு வழங்க அங்கே அனுமதிக்கப்படுவதில்லை.

சாதனங்களின் கதையும் இதையே காட்டுகின்றது. முழு விமானத்தையுமே தாங்கி இறக்கவல்ல பரசூட் பொருத்தப்பட்ட சிரஸ் ரக விமானங்கள் 1990 களின் இறுதியில் அறிமுகமாகின. இனி மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. முதல் பத்தாண்டுகளில் அவ்வாறு நிகழவில்லை. பரசூட்டின் கைப்பிடி தலைக்கு மேலேயே இருந்தும், கடைசிக் கணம்வரை விமானத்தைத் தாமே மீட்டுவிடலாம் என நம்பி அதனை இழுக்காமலேயே பலர் மாண்டனர். இழுக்க வேண்டிய வேளை எது என்பதைப் பயிற்சியின் பகுதியாக்கி, சந்தேகம் எழுந்தவுடனேயே இழுக்குமாறு மனத்தில் பதியவைத்த பின்னரே மரண வீதம் வீழ்ச்சி கண்டது. தலைக்கவசத்தைக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு போய், பொலிஸாரைக் கண்டதும் தலையில் மாட்டுகின்ற எமது இளைஞர்களை நினைக்காமல் இதனை வாசிக்க இயலவில்லை.

பெரிய விமானங்கள் பிறவியிலேயே பாதுகாப்பானவையாக இருந்ததில்லை என்பதை இலங்கையர்களாகிய நாம் மறந்துவிட முடியாது. 1974 டிசெம்பர் 4 ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் கடமைக்காகச் சென்ற யாத்திரிகர்களை ஏற்றிய மார்ட்டின் எயார் டீசீ-8 விமானம், கொழும்பில் தரையிறங்க வருகையில் மஸ்கெலியாவை அண்டிய சப்தகன்னி மலைத்தொடரில் மோதி, அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். 1978 நவம்பர் 15 ஆம் திகதி, ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்களுடன் வந்த மற்றொரு டீசீ-8 விமானம் கட்டுநாயக்கவுக்கருகே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து, 262 பேரில் 183 பேர் மாண்டனர். இரண்டும் ஓடுபாதையை அடையுமுன்னரே நிலத்தில் மோதியவை. மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் வாஷிங்டன் அருகேயும் ஒரு பயணிகள் விமானம் இவ்வாறே மலைச்சரிவில் மோதி 92 பேர் பலியாகியிருந்தனர். அதனையடுத்தே நிலம் நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இன்று உலகில் அவ்வகை விபத்துகள் அரிதாகிவிட்டன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கின்றது.

வடபகுதி மக்களுக்குச் சிறிய விமானம் என்றால் வேறொரு நினைவும் உண்டு. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலத்தில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் பறந்த விமானங்களே பலருக்கும் கொழும்புக்கான வழியாக இருந்தன. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேருடன் மன்னார் கடற்பரப்பில், இரணைதீவுக்கு அப்பால், சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்தத் துயரம் விமானப் பாதுகாப்பு பற்றிய எந்த அட்டவணைக்குள்ளும் அடங்காது. ஏனெனில் அது விபத்து அல்ல. ஆயினும் சிறிய விமானத்தின் படியில் கால் வைக்கும்போது இன்றும் எமது முதியவர்கள் தயங்குவதன் காரணம் அட்டவணைகளில் இல்லை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சரி, அமெரிக்கக் கணக்கை அப்படியே இலங்கைக்குப் பொருத்தலாமா? பொருத்த முடியாது. இங்குதான் ஒப்பீடு முற்றிலும் வேறு முகத்தைக் காட்டுகின்றது. இலங்கையில் வீதி விபத்து மரணங்கள் 2017 இல் மூவாயிரத்தைத் தாண்டின. 2024 இல் அத்தொகை சுமார் 2500. இருபத்திரண்டு மில்லியன் மக்களுக்கு இது ஒரு இலட்சம் பேருக்குப் பதினொருவர் என்ற அளவில் வருகின்றது. அமெரிக்காவில் சுமார் நாற்பதாயிரம் மரணங்களை முந்நூற்று முப்பத்தைந்து மில்லியன் மக்களால் வகுத்தால் ஒரு இலட்சம் பேருக்குப் பன்னிருவர். ஆகவே எமது வீதிகளும் அமெரிக்க வீதிகளும் சமமான பாதுகாப்புடையவை என்று ஓர் அமைச்சர் மேடையில் கூறினால் அந்தக் கூற்றில் எண்கணிதப் பிழை எதுவும் இருக்காது.

ஆனால் அமெரிக்காவில் குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 15,000 கிலோ மீற்றர் தூரம் வாகனங்கள் ஓடுகின்றன. இலங்கையில் பெரும்பாலான குடும்பங்களிடம் காரே இல்லை. நாம் அவர்களிலும் பார்க்கப் பல மடங்கு குறைவாக ஓடி, ஏறத்தாழ அவர்கள் அளவுக்கே இறக்கின்றோம். கிலோ மீற்றருக்கு எமது வீதி அவர்களுடைய வீதியிலும் பார்க்கப் பல மடங்கு கொடியது என்பதே இதன் பொருள். அத்துடன் எமது வீதிகளில் இறப்போரில் பெரும்பான்மையினர் காருக்குள் இருப்பவர்களும் அல்லர். மோட்டார் சைக்கிளில் செல்வோரும் நடந்து செல்வோரும் முச்சக்கர வண்டியில் செல்வோருமே அவர்கள். ஆகவே ‘சிறிய விமானமா, காரா’ என்ற கேள்வி அமெரிக்காவில் காருக்குச் சாதகமாக முடிந்தாலும், இங்கு அதைக் கேட்க வேண்டிய விதமே வேறு. இரத்மலானையில் பயிற்சிக்காகத் தனியே பறக்கும் ஒரு செஸ்னா விமானத்துக்கும், உள்நாட்டுச் சேவையில் தொழில்முறை விமானிகள் செலுத்தும் சிறிய விமானத்துக்கும் இடையே பாரிய வேறுபாடு உண்டு. பின்னையது பயணிகள் விமானங்களின் ஒழுங்குமுறைக்குக் கிட்டியது. அக்கரைப்பற்றிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரும் ஒருவர், அத்தகைய சேவையைக் கண்டு அஞ்சுவதற்குப் புள்ளிவிபர நியாயம் எதுவும் தென்படவில்லை. கட்டணம் வேறு விடயம். அது பெரும்பாலானோரின் கைக்கு எட்டாதது என்பதனால், இந்தத் தெரிவே பலருக்கு இல்லை.

ஆகவே, தெரிவு இல்லாதவர்கள் செல்லும் வீதி பற்றியே நாம் அதிகம் பேச வேண்டியிருக்கின்றது. வானத்துக்கும் வீதிக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு விபத்துக்குப் பின்னரே வெளிப்படுகின்றது. 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் 13 ஆவது இணைப்பு, விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே அன்றிப் பழியைச் சுமத்துவதல்ல என்று வரையறுக்கின்றது. இலங்கையும் அதற்குக் கட்டுப்பட்ட நாடே. அமெரிக்காவில் இரண்டு ஆசனங்கள் கொண்ட விமானமொன்று வயலில் விழுந்து ஒருவர் மாண்டாலும், அதற்கென ஒரு கோவை திறக்கப்பட்டு, வானிலை, விமானியின் பறப்பு நேரம், இயந்திரத்தின் பராமரிப்பு, இறுதியாக ஏற்படக்கூடிய காரணம் என யாவும் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. அந்தக் கோவைகள் இருப்பதனால்தான் மேலே நாம் காட்டிய எண்ணிக்கைகளை எவராலும் எடுத்தாள முடிகின்றது.

வீதி விபத்தொன்று நிகழ்ந்தால் எமது நாட்டில் நடப்பது யாவரும் அறிந்ததே. சாரதி உயிருடன் இருந்தால் கைதாவார். நீதிமன்றம் விளக்கமறியலில் வைக்கும். மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை வழக்குக் கோவைக்குள் செல்லும். அரசாங்கம் நட்டஈடு அறிவிக்கும். தூக்கக் கலக்கமா, வேகமா, பிரேக் செயலிழந்ததா என்று பத்திரிகைகளாகிய நாங்களும் ஒரு வாரத்துக்கு ஊகிப்போம். சாரதி முந்தைய இரவு எத்தனை மணித்தியாலம் உறங்கினார், அவரது வேலை அட்டவணையைத் தயாரித்தவர் யார், குறிப்பிட்ட வளைவில் இதற்கு முன்னர் எத்தனை வாகனங்கள் பாய்ந்தன, அங்கே தடுப்பு வேலி ஏன் இல்லை, ஆசனங்கள் ஏன் அடியோடு பெயர்ந்தன ஆகிய கேள்விகளுக்குரிய பதில்கள் பொதுமக்களின் பார்வைக்கு வருவது அரிது. பழி சுமத்த ஒருவர் கிடைத்தவுடன் விசாரணை முடிவடைந்துவிடுகின்றது. விமானத் துறையில் அந்த இடத்திலிருந்துதான் விசாரணை ஆரம்பமாகின்றது.

இதற்குப் பெருஞ்செலவு தேவை என்று அதிகாரிகள் கூறக்கூடும். ஆண்டுதோறும் நிகழும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களையும் விமான விபத்தைப் போல ஆராய முடியாது என்பது உண்மையே. ஆனால் ஐந்து பேருக்கு மேல் இறக்கும் பஸ் விபத்துகளை மாத்திரமாவது, பொலிஸாரிடமிருந்தும் போக்குவரத்துச் சபையிடமிருந்தும் சுயாதீனமான ஒரு சிறு குழு ஆராய்ந்து, அறிக்கையை மும்மொழிகளிலும் வெளியிடுவதற்குப் புதிய அமைச்சு ஒன்று தேவையில்லை. ஓர் அலுவலகமும் சில பொறியியலாளர்களும் ஒரு மருத்துவரும் போதுமானது.

கொத்மலை விபத்துக்கு நான்கு மாதங்கள் கழித்து, 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் பலியாகினர். மீண்டும் மலைநாட்டு வீதி. மீண்டும் பள்ளம். கொத்மலை பஸ்ஸில் என்ன நடந்தது என்பதை எல்ல வீதியில் அன்றிரவு பஸ்ஸைச் செலுத்தியவர் வாசித்தறிய, அவரது கையில் எந்த அறிக்கையும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.